குட்டி விழுந்த திசை

வைக்கோல் உடம்புக்கு அவனுடைய நீலச் சட்டையைப் போட்டுவிட்டார்கள்.

தலைக்கு ஒரு தேங்காய். இடுப்புக்கு லுங்கி.

சட்டையில் நடுப் பொத்தான் இல்லை. தைத்துக் கொடு என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் மறந்துவிட்டாள். அதைப் பார்த்தும் இப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இன்று ராக்கெட் விடுகிறார்கள். யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்று நேற்றே ஆட்டோவில் வந்து மைக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆண்கள் எல்லாரும் கரையில் இருக்கும் நாள். கல்யாணப் பேச்சுக்கும் சாவுச் சடங்குக்கும் குப்பத்தில் இதைவிட வசதியான நாள் கிடையாது.

அதனால்தான் தேசப்பனின் காரியத்தை இன்றைக்கு வைத்தார்கள்.

அவள் புருஷன். மாசியில் கடலுக்குப் போனவன். இப்போது ஆடி முடியப் போகிறது. படகும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. உடம்பு இல்லாவிட்டால் வைக்கோலை எரித்தாவது அனுப்பி வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சரி என்றாள். எதைக் கேட்டாலும் சரி என்றாள்.

பெண்கள் காலையிலிருந்து அவளை அழச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளும் முயன்று பார்த்தாள். கால் மரத்துப்போனால் உதறிவிடலாம். நெஞ்சு மரத்துப்போனால் எதை உதறுவது?

வடக்கே வெளிச்சம் எழுந்தது.

சடங்கு நின்றது. மந்திரம் சொன்னவர் தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டே வாயைப் பிளந்தார். எத்தனை தடவை பார்த்தாலும் குப்பத்துக்கு அது அலுப்பதில்லை.

கொஞ்சம் பொறுத்துச் சத்தம் வந்தது. காலடியில் மணல் அதிர்ந்தது. தேங்காய் உருண்டது. யாரோ எடுத்து மறுபடியும் வைத்தார்கள்.

எல்லாரும் மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் விழுவதைப் பார்த்தாள்.

அது தேசப்பன் பழக்கிவிட்ட பழக்கம். நடுவில் போகிற பெரியதைத் தாய் என்பான். அதன் விலாவில் ஒட்டிக்கொண்டு போய், எரிந்து முடிந்ததும் கழன்று விழுகிறவை குட்டிகள். தாய் யாருக்கோ, குட்டிதான் நமக்கு என்பான்.

மூழ்கிய படகைச் சுற்றி மீன் அடைவதை அவன் பார்த்திருக்கிறான். அவ்வளவு பெரிய குழாய் கடலடியில் கிடந்தால் எவ்வளவு மீன் அடையும்? அந்த இடம் தெரிந்தவன் ஆயுசுக்கும் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் அவனுக்குத் தூரப் பார்வை போதாது. அவளுக்குக் கழுகுக் கண். வெள்ளைப் பொட்டு கடல் விளிம்பில் இறங்கும்வரை பார்த்திருந்து விரல் நீட்டுவாள். விரலுக்கு நேராக அவன் துடுப்பை மணலில் படுக்க வைப்பான். தடை நீங்கியதும் துடுப்பு காட்டுகிற பக்கம் படகை விடுவான். ஒவ்வொரு தடவையும் ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வருவான். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்க வேண்டும் என்பான்.

மாசியில், எவ்வளவு தூரம் இருக்கும் என்று கேட்டான்.

கண்ணால் பார்த்ததைத்தான் அவள் சொன்னாள்.

பக்கந்தான்.

தேடிப் பார்த்துக் கைவிட்ட அதிகாரி வீட்டுக்கு வந்து சொன்னார். கரையில் நின்று பார்த்தால் பக்கத்தில் விழுவது மாதிரித்தான் இருக்குமாம். விழுவது வேறெங்கோ. இந்தப் படகுகள் போய்த் திரும்ப முடியாத தூரம்.

அவள் தலையாட்டினாள். அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். தான் சொன்ன ஒரு சொல்லை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு மரத்ததுதான்.

இப்போது இரண்டு பொட்டுகள். ஒன்று வெயிலில் மின்னியது. பிறகு அதுவும் மங்கிக் கீழே போனது.

கொழுந்தன் கோதண்டன் அவளிடம் வந்தான். கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். காலையிலிருந்து அவன் வைக்கோல் பக்கம் திரும்பவே இல்லை. கையில் துடுப்பு இருந்தது.

"எங்க வுழுந்துது அண்ணி? காட்டு. நாளைக்கு அந்தப் பக்கமே போய்ப் பாத்துட்டு வரேன். அண்ணன் அங்கதான் எங்கனா இருக்கும்."

அவனுக்குப் பின்னால் அவன் பெண்டாட்டி நின்றிருந்தாள். அவள் அழவில்லை. அந்தத் துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழுந்ததைப் பார்த்தவளுக்கு இடம் தெரியும். திக்குப் பிசகாமல் தெரியும். விரல் தானாக நீண்டது.

மடக்கிக்கொண்டாள்.

அவன் கையிலிருந்து துடுப்பை வாங்கினாள். நீலச் சட்டைக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். முனை கடலைப் பார்த்துக் கிடந்தது.

குனிந்து அதைத் திருப்பினாள். தெருவைப் பார்க்க. வீட்டு வாசலைப் பார்க்க.

"பக்கந்தான்" என்றாள், சட்டையிடம். "வந்துடு."

கோதண்டன் வெறுங்கையோடு நின்றான்.

பிறகு கொள்ளியைக் கையில் வாங்கினான்.

அவளுக்கு அந்த விரல் வலிக்க ஆரம்பித்தது.