இந்த டிவிடி இங்கே ஓடாது

"லிஸ்ட்ல அமெரிக்கான்னு இருக்கும் பாரு. அதை செலக்ட் பண்ணி ஓக்கே கொடு. அவ்வளவுதான், ஓடிரும்" என்றான் டிவி கடை வைத்திருந்த நண்பன் ஆமிர் போனில்.

தேவேந்திரன் கம்ப்யூட்டர் திரையில் நாடுகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் கீழே, இன்னும் ஒரே ஒரு முறைதான் மாற்ற முடியும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"ஒரு தடவைதான் பாக்கின்னு காட்டுதுடா."

"ஆமா. டிரைவுக்கு மொத்தமே அஞ்சு சான்ஸ்தான். இந்த கம்ப்யூட்டரை முதல்ல வச்சிருந்தவன் நாலை முடிச்சிருப்பான். அமெரிக்காவுல போட்ட டிவிடி, அமெரிக்கான்னு கொடுத்தாத்தான் ஓடும். வேற எதையாவது அமுக்கிட்டே, டிரைவ் லாக். தியான் ஸே, பாத்துப் பண்ணு."

அடுத்த அறையில் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. படம் பார்ப்பதற்காக அம்மா அமிர்தவல்லி புதுச் சேலை மாற்றிக்கொண்டிருந்தாள்.

டிவிடி வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைச் சுனாமிக்கு முந்தைய வருஷம் படம் எடுத்துப் போன வெள்ளைக்காரப் பெண்மணி, பன்னிரண்டு வருஷம் கழித்து இவர்களுடைய போர்ட் பிளேயர் டெலானிபூர் விலாசத்தைத் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தாள். தேவேந்திரன் அப்போது படகுத்துறையில் டிக்கெட் கவுண்டர் டியூட்டியில் இருந்தான். கூட வந்த கடிதத்தைப் பக்கத்து வீட்டு விஜயலட்சுமி டீச்சர்தான் வாசித்துச் சொன்னாள்.

'மைதானத்தில் உங்கள் மகன் காமிராவைப் பார்த்துப் பேசுகிறான். உங்கள் கணவர் பக்கத்தில் நின்று சிரிக்கிறார்.'

அதைக் கேட்டதிலிருந்து அமிர்தவல்லி சரியாகச் சாப்பிடவில்லை. புருஷன் தம்பையா, வீடு, பெட்டியில் இருந்த போட்டோக்கள் எல்லாவற்றையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோயிருந்தது. பதினோராம் நாள் போர்ட் பிளேயர் நிவாரண முகாமில், காலில் கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒன்பது வயதுப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, "தேவேந்திரன். என் மகன்" என்று அதிகாரியிடம் பெயர் எழுத வைத்தாள். பையனுக்குப் பேச்சு திரும்பவே நாலு மாதம் ஆனது.

"என்னடா, அமுக்கினியா?" என்றான் ஆமிர்.

அம்புக்குறி அமெரிக்காவின் மேல் நின்றது. தேவேந்திரன் அதை மெல்லக் கீழே இறக்கினான். இந்தியாவைத் தொட்டு ஓக்கேயை அழுத்தினான்.

"கை தவறிருச்சுடா. இந்தியாவுல பட்டிருச்சு. லாக்னு வருது."

"அரே! சரி விடு, கோயி பாத் நஹி. கடையில எல்லா டிஸ்க்கும் ஓடுற பிளேயர் ஒண்ணு இருக்கு. நாளைக்கு அம்மாவையும் கூட்டிக்கிட்டு அபர்டீன் பஜார் வந்துரு. பெரிய டிவில போட்டுக் காட்டறேன்."

தேவேந்திரன் போனை வைத்தான். பட்டனை அழுத்தி டிவிடியை வெளியே எடுத்தான்; மேஜையில் கிடந்த பைக் சாவியால் அதன் அடிப்பக்கத்தில் அழுத்தி ஒரு கோடு கிழித்தான். பிறகு இன்னொன்று. மூன்றாவது கோட்டில் நிமிர்ந்தபோது அமிர்தவல்லி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. சாவியை மறைக்கவும் தோன்றவில்லை.

"அப்பாவப் பாத்தா நீங்க தாங்க மாட்டீங்கம்மா" என்றான். "போன தடவ டிவில சுனாமி காட்டுனதுக்கே ரெண்டு நாள் படுத்துட்டீங்க. அதான்…"

அவள் திட்டவில்லை. உள்ளே வந்து டிவிடியை அவன் கையிலிருந்து வாங்கி, கீறல்களின் மேல் விரலை ஓட்டினாள். அதில் தெரியாமலே போன இரண்டு முகங்களைத் தேடுவதுபோல் நெடுநேரம் பார்த்தாள். கண்ணீர் டிவிடியின் மேல் சொட்டியது.

"ஒரே ஒரு தடவ பாத்திருப்பேனே மகன்" என்றாள். "ஒரு தடவ."

தேவேந்திரன் நாற்காலியிலிருந்து சரிந்து அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "மன்னிச்சிருங்கம்மா. எனக்குப் பயமா இருந்திச்சி."

"எனக்குந்தான் பயம்." அவள் டிவிடியை மேஜையில் வைத்துவிட்டு அவன் தலையில் கை வைத்தாள். "கேம்ப்புல தூக்கத்துல அம்மா, அம்மான்னு கத்துவ. நான் ஓடியாந்து பக்கத்துல படுத்துக்குவேன். பேச்சு வந்த அன்னிக்கே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கேட்டா நீ போயிருவியோன்னு கேக்காமலே இருந்துட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

அமிர்தவல்லி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"உன்னையப் பெத்தவ உனக்கு என்னா பேரு வச்சா, மகன்?"