தாடியில்லாத வீடு

“தாடியை எடுக்க மாட்டேன்னா மாட்டேன்!”

“எடுக்காம சாமியார் மாதிரியே நில்லுங்க. நம்ம பொண்ணைக் கேட்டு வர்றவங்க அப்படியே திரும்பிப் போகட்டும்!”

“அது என் அடையாளம்டி...”

“வீட்டை நான் சரிபண்ணிட்டேன். மூஞ்சியை நீங்க சரிபண்ணுங்க!”

பெண்ணின் அப்பா முணுமுணுத்தபடியே தாடியை மழித்தார். அம்மா டம்ளர் தேடி ஒவ்வோர் அலமாரியாகத் திறந்தாள்.

மணி அடித்தது. பையனின் அம்மா வாசலிலேயே நின்று சோபாவைப் பார்த்தாள், மழமழவென்றிருந்த முகத்தைப் பார்த்தாள்.

“மன்னிக்கணும், வீடு மாறி வந்துட்டோம் போல.”

அக்காவிடம் இரவல் வாங்கிய வீட்டுச் சாவி, பெண்ணின் அம்மா கையில் கிணுகிணுத்தது.

பையனின் அம்மா தொடர்ந்தாள்: “பழைய பஸ்ஸையே வீடாக்கிக் குடியிருக்கோம், அப்பாவுக்கு நெஞ்சு வரைக்கும் தாடின்னு பொண்ணு சொன்னா. அந்த பஸ்ஸைப் பாக்கத்தான் நானே அடம்பிடிச்சு வந்தேன். அவங்களை உங்களுக்குத் தெரியுமா?”