இரண்டாம் சுற்று

“ஏலே, அந்தக் கேமராவக் கீழ வையிலே! எந்தப் பேப்பர்க்காரன்லே நீ?”

மூச்சிரைக்கக் கண்மாய்க் கரையேறி வந்த ராஜபாண்டியன், அங்கே நின்றவரின் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கினார். பின்னாலேயே வாட்ச்மேன் சங்கிலிமுத்து கம்போடு வந்து நின்றான்.

“பேப்பர்க்காரன் இல்ல அண்ணாச்சி. பேரு மாணிக்கராஜ். திருத்தங்கல்ல வாத்தியாரா இருக்கேன். பிளேன் போட்டோ எடுக்க வந்தேன்.”

“பிளேனா? ஆமத்தூர்க் காட்டுக்குள்ளயா? யாருகிட்ட காது குத்துறீக?”

ராஜபாண்டியன் பதறியதில் நியாயம் இருந்தது, நேர்மைதான் இல்லை. கரைக்குக் கீழே இருக்கும் அவருடைய பட்டாசு ஆலைக்குப் பங்குனியிலேயே சீல் வைத்துவிட்டார்கள். முன்வாசலில் அரக்கு முத்திரை அப்படியே இருக்கிறது. அதில் ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆளே போட்டிருக்கிறார். பின்பக்க வேலியை அறுத்து, அது வழியாக நாற்பது பேர் தினமும் உள்ளே போய் வேலை பார்க்கிறார்கள். சட்டத்தை அவர் அப்படித்தான் மதித்தார்.

இன்னொரு தடவை மாட்டினால் லைசென்ஸ் அடியோடு ரத்து என்று சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குக் கூப்பிட்டே சொல்லியிருந்தார்கள். அப்பா காலத்துக் கம்பெனி அத்தோடு சரி.

அதற்கும் ஏற்பாடு வைத்திருந்தார். ஜீப்போ புது ஆளோ தென்பட்டால் சங்கிலிமுத்து விசிலடிப்பான். வெயிலில் காயும் வெடிமருந்துக்கும் பட்டாசுக்கும் மேலே பச்சைத் தார்ப்பாய் ஏறும். தார்ப்பாய்க்கு மேலே கருவேலங் கொப்புகள் ஏறும். ஆட்கள் கொட்டகைக்குள் பதுங்கிவிடுவார்கள். எல்லாம் மூன்றே நிமிடம். கரையில் நீளமான கேமராவோடு ஒருவர் நிற்கிறார் என்றதும் இன்றைக்கும் அப்படித்தான் மூடியிருந்தார்கள்.

ராஜபாண்டியன் கேமராவுக்குள் படம் படமாகத் தள்ளிப் பார்த்தார். விமானத்தின் இறக்கை. விமானத்தின் வால். விமானத்தின் வயிறு. எல்லாமே, தார்ப்பாய் மூடியபின் சற்றுமுன் தலைக்கு மேலே போன ஒரு சின்ன விமானம்தான். ஆலையின் ஓர் ஓடுகூட எதிலும் இல்லை.

அவருக்கு உயிர் வந்தது. உயிரோடு நக்கலும் வந்தது.

“நெசமாவே பிளேனத்தான் எடுத்திருக்கீக! ஏன் வாத்தியாரே, வீட்ல சோறு போட மாட்டாகளா?”

“லீவு நாள்ல இதான் அண்ணாச்சி வேலை. வாட்ஸப்புல குரூப்பு இருக்கு. மதுரை ஏர்போர்ட்டுக்கு எந்தப் பிளேன் வந்தாலும் போட்டோவோட செய்தி போட்ருவோம். இருநூத்திப் பன்னெண்டு பேரு இருக்கோம்.”

“கேட்டுக்கிட்டியா சங்கிலி? இருநூத்திப் பன்னெண்டு கிறுக்கனுக! ஒரு குரூப்பே வச்சிருக்கானுக!”

சங்கிலிமுத்து கடமைக்குச் சிரித்தான். மாணிக்கராஜ் கோபப்படவில்லை. பிளேன் பேச்சு எடுத்தாலே அவர் முகம் மலர்ந்துவிடும்.

“இது அபூர்வமான பிளேன் அண்ணாச்சி. நாலு நாளாத்தான் மதுரையில நிக்கி. இன்னைக்குத்தான் இந்தப் பக்கம் வருது. ஆளுகள ஏத்திக்கிட்டுப் போற பிளேன் இல்ல இது. எதுக்கு வந்திருக்குன்னா…”

“எதுக்கு வந்தா எனக்கென்ன வே? நான் டெல்லிக்கே பத்துத் தடவ பிளேன்ல போயிட்டு வந்தவன். ஏறுனதும் தூங்கிருவேன். நீரு ஒரு தடவயாவது ஏறியிருக்கீரா?”

“இல்ல அண்ணாச்சி.”

“ஏறினதே இல்ல, ஆனா இம்புட்டு நீளத்துக்குக் கேமரா!” கேமராவை அவர் கையில் திணித்தார். “சங்கிலி, ஓடு. தார்ப்பாய எடுக்கச் சொல்லு. இந்தாளுக்காக அரை மணி நேர வெயிலு வீணாப் போச்சு. தீவாளி ஆர்டர் கழுத்த நெரிக்கி.”

சங்கிலிமுத்து தயங்கினான். “மொதலாளி, அந்தப் பிளேன் சத்தம் மறுபடி கேக்குதே…”

“அதுக்கு? பிளேன்ல இருந்து தாசில்தாரா குதிக்கப் போறாரு? போலே!”

அவன் ஓடினான். கொப்புகள் விலகின. தார்ப்பாய்கள் சுருண்டன. நாற்பது பேரும் வெளியே வந்து வேலையில் குனிந்தார்கள். களம் முழுக்க மருந்து உருண்டைகளும் சிவப்புச் சரங்களும் கண்ணைப் பறித்தன. வந்ததிலிருந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த மாணிக்கராஜ், அப்போதுதான் கீழே பார்த்தார். பார்த்தவர் முகம் மாறியது.

“அண்ணாச்சி, இது ஒங்க ஆலையா? முன்னால சீல் வச்சிருந்துச்சே? அப்ப நேத்து எங்க குரூப்புல வந்த செய்திய நீங்க மொதல்ல…”

“செய்தியும் வேண்டாம், கிய்தியும் வேண்டாம். அந்தா வருது பாரும் ஒம்ம மாப்பிள்ளை!”

வடக்கிலிருந்து அந்த விமானம் திரும்பி வந்தது. போன தடவையைவிடத் தாழ்வாக, நிதானமாக, நேராக ஆலையைப் பார்த்து வந்தது. ராஜபாண்டியன் தோள்துண்டை எடுத்து அதை நோக்கி வீசினார்.

“எடும் வாத்தியாரே, நல்லதா ஒரு போட்டோ! என் புது ராக்கெட்டுக்கு அதையே லேபிளாப் போட்ருவோம். ஒம்ம கிறுக்கும் ஒரு காசுக்கு ஆகட்டும்!”

மாணிக்கராஜ் கேமராவைத் தூக்கவில்லை. விமானம் களத்தின் மேல் அலுங்காமல் கடந்து தெற்கே போகும்வரை காத்திருந்தார்.

“நான் கீழ இருந்து மேல எடுக்கிறவன் அண்ணாச்சி. அது வயித்துல இருக்கிற கேமரா மேல இருந்து கீழ எடுக்குது. சீல் வச்ச பட்டாசு ஆலை எதெதுல திருட்டுத்தனமா வேலை நடக்குன்னு பாக்கத்தான் அத வரவழச்சிருக்காக. அதச் சொல்லத்தான் நானும் ஆன மட்டும் வாயெடுத்தேன்” என்ற மாணிக்கராஜ், கேமராவை உறையில் போட்டு மூடினார். “மொத ரவுண்டுல ஒங்க எடம் அதுக்கு வெறுங்காடாத்தான் தெரிஞ்சிருக்கும்.”