ஒரு துளி லேட்

அழைப்பு மணியில் வைத்த விரலை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். கதவுக்கு உள்ளே கிட்டார் மட்டுமல்ல, பாஸ் கிட்டாரும் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஆக, அண்ணன் வேறு ஆளைச் சேர்த்துவிட்டான். எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

மூன்று மாடி ஏறிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலையை முடித்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தாள்: என் பெடலை எடுத்துட்டுப் போக வந்தேன். பாஸோடு சேர்த்துக் காலால் மிதிக்கிற அந்தப் பெடல் வெறும் சாக்கு. கேட்க வேண்டியது, நான் திரும்பி வரட்டுமா என்பதைத்தான். அதை மனப்பாடம் செய்ய ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

அண்ணனும் தங்கையுமாகப் பதினோரு வருடம் வாசித்தவர்கள். அவனுக்குக் கிட்டார், இவளுக்கு நாலு தடித்த கம்பி போட்ட பாஸ். சண்டையும் பெரிய விஷயத்துக்கு இல்லை.

"நீ எப்பவுமே ஒரு துளி லேட்டு, குட்டி," என்று அவன் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டான்.

"அப்ப லேட்டாகாத ஆளாப் பார்த்துக்கோ," என்று இவள் பாஸைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெடலையும் ஆம்ப்ளிஃபயரையும் விட்டுவிட்டு வந்தது மறுநாள்தான் உறைத்தது.

பார்த்துக்கொண்டுவிட்டான் போலிருக்கிறது.

கதவில் காதை வைத்தாள். கிட்டார் வழக்கத்தைவிட நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. கம்பிகளைத் தளர்த்திச் சுருதியைக் குறைத்திருக்கிறான். வந்தவருக்குக் கனமான பாட்டுதான் பிடிக்கும் போல.

பாஸில் ஒரு கரகரப்பு. ஆயிரம் சத்தத்துக்கு நடுவே விட்டாலும் அதை அவள் அடையாளம் சொல்வாள். அவளுடைய பெடல்தான் அது. காலால் மிதிக்கிற, சோப்புப்பெட்டி அளவு இரும்புப் பெட்டி. கிட்டாருக்கென்று விற்கிற பெடல்கள் கரகரப்பைக் கொடுத்துவிட்டு, கனமான அடி ஒலியைத் தின்றுவிடும். பாஸுக்கென்று செய்த இது அடியைத் தொடாது.

என் பெடலையே தூக்கிக் கொடுத்துவிட்டானே என்று வயிறு எரிந்தது.

அதைவிட எரிந்தது வந்தவரின் வாசிப்பு. அண்ணன் நின்ற இடத்தில் நின்றார், பாய்ந்த இடத்தில் பாய்ந்தார். திடீரென்று தாளத்தை இழுத்துவிடுகிற கெட்ட பழக்கம் அண்ணனுக்கு உண்டு. அங்கேகூட மயிரிழை பிசகவில்லை. பதினோரு வருடத்தில் அவளுக்கு ஒருநாளும் வாய்க்காத சுத்தம்.

எதிர்வீட்டு அம்மா குப்பைக்கூடையோடு வெளியே வந்தார். புதிதாகக் குடிவந்தவர், இவளைத் தெரியாது.

"பெல் அடிச்சா கேக்காதும்மா. கதவை நல்லா தட்டுங்க. சாயங்காலம் ஆனா ரெண்டு பேரும் ஆரம்பிச்சிடுவாங்க."

"தினமுமா?"

"ஒருநாள் விடாம. பாவம், ரெண்டுக்கும் வேற போக்கிடம் இல்ல போல."

திரும்பிப் போய்விடலாம்தான். போனால் அந்த ஒற்றை அறை, சுவரில் சாய்த்துவைத்த பாஸ். கிட்டார் இல்லாமல் பாஸை வாசித்தால், போனில் யாரோ பேசுவதை ஒரு பக்கம் மட்டும் கேட்பது மாதிரி இருக்கும். கடையில் அவளை 'லென்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். குட்டி என்று கூப்பிட எட்டு மாதமாக ஓர் ஆள் இல்லை. அது அவளை எவ்வளவு வாட்டியது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தட்டினாள். உள்ளே இரண்டும் ஒரே நொடியில் நின்றன.

அண்ணன் கதவைத் திறந்தான். இளைத்திருந்தான். கழுத்தில் கிட்டார் தொங்கியது. அதன் வயரைக்கூடக் கழற்றாமல் இழுத்துக்கொண்டே வந்திருந்தான்.

"வா," என்றான்.

"உள்ள வரல. என் பெடலை எடுத்துட்டுப் போக வந்தேன்." மனப்பாடம் செய்தது பிசகாமல் வந்தது.

அவன் முகம் வாடிவிட்டது. "இப்பவேவா?"

"ஏன், அவருக்கு வேற வாங்கிக் குடுக்க முடியாதா?"

"எவருக்கு?"

"நடிக்காத. வெளிய நின்னு எல்லாத்தையும் கேட்டேன்."

அவன் உள்ளே போனான். குனிந்து பெடலைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் கையில் வைத்தான்.

கிடைத்துவிட்டது, கிளம்பலாம். கால்தான் நகரவில்லை.

"நல்லா வாசிக்கறார்," என்றாள். "ஒரு இடத்துலகூட லேட்டாகல. நீ தேடின மாதிரியே ஆள் கிடைச்சாச்சு."

"கரெக்டாதான் வருது," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "கூட ஒருத்தர் இருக்கற மாதிரிதான் இல்ல."

"மெதுவா பேசு. அவர் காதுல விழப்போகுது."

அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவளுடைய பழைய ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், அவள் எப்போதும் உட்காரும் முக்காலி காலியாகக் கிடந்தது.

"எங்க அவரு?"

அண்ணன் தளர்ந்து தொங்கிய கிட்டார் கம்பிகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

"லேட்டா வர்றதுக்கு ஆள் ஏது, குட்டி? இந்தக் கிட்டார் வயரையே ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணை என் ஆம்ப்ளிஃபயர்லயும் இன்னொண்ணை உன் பெடல் வழியா உன்னோடதுலயும் சொருகியிருந்தேன். ரெண்டும் நான்தான்."