கதவில் ஒட்ட வந்த நோட்டீஸ்

பசை தடவிய நோட்டீஸைக் கதவில் வைத்து அழுத்தப் போன நேரத்தில் கதவு உள்பக்கமாகத் திறந்துகொண்டது.

ஆள் இருக்கமாட்டார் என்று தெரிந்துதான் கட்டடத்து மேனேஜர் பதினொரு மணிக்கு மாடியேறியிருந்தான். செவ்வாய்க்கிழமை அந்த நேரத்துக்குப் பல்செட்டுக்காரர், செய்து முடித்த பற்களை டப்பாவில் போட்டுக்கொண்டு டாக்டர்களிடம் கொடுக்கக் கிளம்பிவிடுவார்.

நேரில் கொடுங்கள், இல்லாவிட்டால் கதவில் ஒட்டிப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று ஓனரம்மாவின் வக்கீல் சொல்லியிருந்தார். ஒட்டுவதுதான் நல்லது என்று இவன் முடிவு செய்திருந்தான். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது அந்த முகம் இரண்டடி தூரத்தில் இருந்தது.

காகிதம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இன்னொரு கையில் பசை டப்பா. கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி நின்றான்.

பல்செட்டுக்காரர் டப்பாவைப் பார்த்தார். கையைப் பார்த்தார். வாசலில் நிற்பானேன், உள்ளே வந்து கையைக் கழுவுங்கள் என்றார்.

அந்தக் கட்டடத்தின் இருபத்திரண்டு வீடுகளில் அவனை உள்ளே கூப்பிடுகிறவர் இவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அவன், தண்ணீர் வரவில்லை, லிஃப்ட் ஓடவில்லை என்று ஏசுவதற்கு ஒரு ஆள். இவருக்குத் தம்பி. போன வருடம் அவனுடைய மாமியாருக்கு மேல்வரிசை முழுக்கச் செய்து கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றவர். அந்தம்மா இனிமேல் உங்களைக் கடித்துப் பேசினால் நான் பொறுப்பில்லை என்று அன்றைக்குச் சிரித்தார்.

முன்னறைதான் பட்டறை. உருகிய மெழுகின் வாடை. மேஜை முழுக்க யார் யாருடைய ஈறுகளோ வெள்ளை அச்சுகளாக வரிசையில் காய்ந்துகொண்டிருந்தன. வேலை முடியாததால்தான் அவர் இன்றைக்கு இன்னும் கிளம்பவில்லை.

அவரே காகிதத்தை அவன் கையிலிருந்து கிழியாமல் உரித்தெடுத்தார். வேலைக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியைப் பிடித்து எழுத்தெழுத்தாகப் படித்தார்.

நான்கு மாத வாடகை பாக்கி. பதினைந்து நாளில் செலுத்தாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தவறினால் வழக்கு.

முதலில் சிரித்தார். யாருக்கோ வந்தது கதவு மாறி வந்துவிட்டது என்றார்.

பிறகு கதவு எண்ணைப் பார்த்தார். தன் பெயரைப் பார்த்தார். அப்பா பெயர்கூடச் சரியாக இருந்தது. விரலை வைத்து இரண்டாம் முறை படித்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

மேனேஜர் தொட்டியடியில் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பசை எப்போதோ போய்விட்டிருந்தது. மாடிப்படியில் நாலைந்து வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்திருந்தான். ஓனரம்மா உத்தரவு, வக்கீல் எழுதியது, என் கையில் ஒன்றுமில்லை.

அவற்றையெல்லாம் பல்செட்டுக்காரரே அவனுக்காகச் சொன்னார். நீங்கள் என்ன செய்வீர்கள், கொடுத்தனுப்பினால் கொண்டுவந்துதானே ஆகவேண்டும் என்றார். எழுந்து வந்து குழாயை மூடினார். துண்டை எடுத்து நீட்டினார்.

மனைவி நாலு மணிக்கு வேலையிலிருந்து வந்துவிடுவாள், அவள் கண்ணில் இது படக்கூடாது, ஏற்கெனவே பிரஷர்க்காரி என்றார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோனவர், பனியனோடு நிற்பதை அப்போதுதான் கவனித்தார்.

காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஓனரம்மாகிட்ட நான் தனியா போய் சொன்னா நம்பமாட்டாங்க தம்பி. மாசம் பொறந்தா அஞ்சாம் தேதிக்குள்ள உங்க கையிலதானே கொண்டுவந்து குடுக்கறேன். நீங்க கூட வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அவன் கை துடைத்த துண்டில் முகத்தையும் புதைத்துக்கொண்டான்.

"ரசீது கேட்டா உங்கள நம்பாத மாதிரி ஆயிடுமேன்னு நான்தான் கேக்காம விட்டுட்டேன்."

தப்பு தன்னுடையது என்பது போலத்தான் அதைச் சொன்னார்.

முதல் மாதப் பணத்தில் கை வைத்தபோது, அடுத்த மாதம் போட்டுவிடலாம் என்று அவன் உண்மையாகவே நினைத்தான். இரண்டாம் மாதம் ஓனரம்மா கேட்டதும், அந்த ஆள் இழுத்தடிக்கிறார் என்பது தானாக வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அண்ணே..." என்றான்.

கண் கலங்கியது.

தனக்காகத்தான் கலங்குகிறான் என்று பல்செட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். இதற்கெல்லாம் போய்க் கலங்கலாமா என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, வெளியே போட்டுக்கொண்டு போகிற சட்டையைத் தேடி உள்ளறைக்குப் போனார்.