மார்த்தாவின் கோப்பி

இப்போதெல்லாம் எங்கே போனாலும் ஓசியில் எதையாவது நீட்டி ஆட்களைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். நோர்வேயில் நாங்கள் இருக்கும் பியோர்ண்டால் மண்டபத்தில் பல நாட்டார் தங்கள் ஊரைக் காட்டும் விழாவிலும் அப்படித்தான் என்று நினைத்து, குவாத்தமாலாக்காரி மார்த்தாவின் மேசையில் ஆவி பறக்கும் கோப்பியை எடுத்துக் குடிக்கிறேன். மார்த்தா தடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொள்கிறாள். மேசையில் மெழுகுதிரி, செவ்வந்திப் பூ, மலைச்சரிவில் கூடையோடு நிற்கும் ஒரு மனிதனின் படம். “என்னப்பா செய்தனீங்கள்? அது அவவின்ரை செத்த தேப்பனுக்குப் படைச்சதல்லோ!” என்று என் மனைவி புஷ்பமலர் காதுக்குள் சீறுகிறாள். “அவையின்ரை நாட்டு ஆமி ஊரை எரிக்கேக்கை செத்தவராம். அந்த மலைக் கோப்பியிலை இதுதான் கடைசிப் பிடியாம்.” எங்கள் வீட்டிலும் செத்துப்போன தம்பியின் படத்துக்கு முன்னால் தேத்தண்ணி வைக்கிறோம், அதில் ஒருவன் வாய் வைத்தால் கையை முறிப்பேன். எச்சில் கோப்பையைத் திரும்பப் படைக்கவும் முடியாது, குடிக்கவும் மனம் வரவில்லை. “குடியுங்கள். அப்பா வந்தவர்களுக்குத்தான் முதலில் கொடுப்பார்” என்று மார்த்தா நோர்வேஜிய மொழியில் சொல்கிறாள். நேராக நிற்கும் மெழுகுதிரியை மறுபடியும் நேராக்குகிறாள். மிச்சத்தை விழுங்கிவிட்டு, அவள் முகத்தைப் பாராமல் வாசலுக்கு நடக்கிறேன். “அவதான் பரவாயில்லையெண்டிட்டாவே” என்று பின்னால் வருகிறாள் புஷ்பமலர். “வேறை என்னத்தையடி சொல்லுவா?” என்று நிற்காமலே நடக்கிறேன்.