உள்ளறையில் பன்னிரண்டு பேர்

"சேர், பள்ளிவாசலைக் கொளுத்திட்டு இங்கதான் வாராங்க. ஓடுங்க!" உதவியாளர் ஜெஸீமா கத்தினாள்.

"கால் உடைஞ்ச பன்னெண்டு பேரையும் விட்டுட்டா? ஒருத்தனாலயும் நடக்க ஏலாது. நீங்க போங்க!"

அவளைப் பின்வாசலால் அனுப்பிவிட்டு, பல்லேகல ஆய்வுகூடத்தின் உள்ளறைக் கதவை மறித்து நின்றார் ஷிராஸ்.

கும்பல் புகுந்தது. இரும்புக் கம்பி அவருடைய இடது காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது.

"அவங்கள ஒண்ணும் செய்யாதீங்க!" என்று சிங்களத்தில் கெஞ்சியவரின் முகத்தில் மிதித்துவிட்டு, கம்பிக்காரன் கதவை உடைத்தான்.

உள்ளே பன்னிரண்டு எலிகள் தொங்கின. விண்வெளியில் போலக் காலில் எடை விழாதிருக்க வாலில் கட்டு; ஷிராஸ் தம் கையாலேயே முறித்த பின்கால்கள் தரையில் படவில்லை. எடையற்ற விண்வெளியில் எலும்பையும் தசையையும் ஆற்றும் மரபணுக்கள் ஏன் உறங்கிப்போகின்றன என்பதே அவருடைய ஆராய்ச்சி.

கம்பி கைநழுவி விழுந்தது.

"அனே பவ்!" ஐயோ பாவமென்று கண்கலங்கியவன், ஒவ்வொன்றாகக் கட்டவிழ்த்துப் பூப்போலத் தரையில் இறக்கிவைத்தான். எல்லாக் கால்களும் ஒரே இடத்தில் முறிக்கப்பட்டிருந்ததைக் கண்டான்.

பிறகு கம்பியைப் பொறுக்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

"வாயில்லாச் சீவன்களின் காலை உடைக்க உனக்கு எப்படியடா மனசு வந்தது?"

அழுதுகொண்டே ஷிராஸின் வலது காலையும் உடைத்தான்.